நான்கு பாட்டில் ‘ட்ரூப்பர்’: ராக் குழுவின் பீரில் குழு எங்கே இருக்கிறது?

மான்செஸ்டரில் வேலை பார்க்கும் என் அத்தை மகன் டிசம்பர் கடைசியில் சேலம் வந்தபோது நான்கு பாட்டில் பீர் கொண்டுவந்தான். வெளிநாட்டிலிருந்து வருகிறவர் சுங்க வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய மதுவின் அளவு 2 லிட்டர். பாட்டில் ஒன்று அரை லிட்டர். ஆக நான்கு, கணக்கு சொட்டுக்கூடப் பிசகவில்லை. அந்த 2 லிட்டருக்கு நல்ல விஸ்கியாக வாங்கி வந்திருக்கக் கூடாதா என்று வீட்டுப் பெரியவர் ஒருவர் முணுமுணுத்தார். அவர் ஆதங்கம் நியாயமானது. எனக்கோ லேபிளைப் பார்த்ததும் விஸ்கி நினைப்பே வரவில்லை. கந்தலான சிவப்புக் கோட்டு, ஒரு கையில் வாள், மறுகையில் பிரிட்டிஷ் கொடி, தோல் உரிந்து பல்லை இளிக்கும் முகம். அயர்ன் மெய்டன் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் இசைத்தட்டு அட்டைப்படங்களில் உலவும் எட்டி என்ற அந்தப் பூதத்தை எங்கிருந்தாலும் அடையாளம் தெரியும். அம்மா மட்டும் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “இது எந்த ஊர் முனியப்பன்?” என்று கேட்டார். உருட்டு விழியும் ஓங்கிய வாளுமாக இருப்பதைப் பார்த்தால் கேள்வியில் தவறில்லை. படையலுக்கும் பொருத்தமான பாட்டில்தான்.

2007 மார்ச் 17 அன்று பெங்களூர் அரண்மனை மைதானத்தில் அயர்ன் மெய்டன் இந்தியாவில் முதன்முறையாக வாசித்தபோது, இதே அத்தை மகனும் நானும் விடியற்காலைப் பஸ் பிடித்துப் போயிருந்தோம். ஆகவே இந்த பீர் விஷயத்தில் நான் நடுநிலைச் சாட்சி கிடையாது. அதைச் சொல்லிவிட்டே கேள்விக்கு வருகிறேன். பாட்டுப் பாடுகிறவர்கள் பீர் காய்ச்சினால் அதில் அவர்கள் பங்கு என்ன? பெயரை வாடகைக்கு விட்டதோடு சரியா, உள்ளே இருக்கும் சரக்கிலும் ஏதாவது மாறியிருக்கிறதா?

இப்படிப்பட்ட கூட்டுகள் மேற்கில் ஏராளம். அவற்றில் பெரும்பாலானவை ஸ்டிக்கர் வேலை. எங்கோ ஏற்கெனவே வடித்துக்கொண்டிருக்கும் லாகர் பீரின் மேல் குழுவின் சின்னத்தை ஒட்டி, விலையைக் கொஞ்சம் ஏற்றி, கச்சேரி வாசலில் டி-சட்டைக்குப் பக்கத்தில் வைத்து விற்பார்கள். இசைத்தட்டில் வந்த வருமானம் வற்றிய பிறகு சட்டை, தொப்பி, குவளை வரிசையில் பீரும் சேர்ந்துகொண்டது. அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ருசித்துப் பார்க்கத்தான் அதில் ஒன்றும் இருக்காது.

வேறு மாதிரியும் உண்டு. அமெரிக்காவின் டாக்ஃபிஷ் ஹெட் ஆலை 2013இல் கிரேட்ஃபுல் டெட் குழுவோடு சேர்ந்து ஒரு பீர் வடித்தபோது, அதில் என்ன சேர்க்கலாம் என்று ரசிகர்களையே கேட்டது. கிரனோலா என்று பதில் வந்தது. காலையில் பாலில் போட்டுத் தின்னும் அந்த வறுத்த ஓட்ஸ் கலவைதான். அதையே சேர்த்தார்கள். இது விளையாட்டுத்தனம்தான், ஆனாலும் பானைக்குள் நடந்த விளையாட்டு. வெறும் லேபிள் விளையாட்டு என்று தள்ளிவிட முடியாது.

எங்கள் கைக்கு வந்த ‘ட்ரூப்பர்’ இந்த இரண்டுக்கும் நடுவே எங்கோ நிற்கிறது. அதை வடிப்பது மான்செஸ்டரை ஒட்டிய ஸ்டாக்போர்ட் நகரின் ராபின்சன்ஸ் ஆலை. 1838இல் ஒரு மதுக்கூடத்தில் தொடங்கிய குடும்பத் தொழில் அது. அயர்ன் மெய்டனுக்கு முன்பே எல்போ என்ற ஆங்கிலக் குழுவோடு சேர்ந்து ஒரு பீர் வடித்த அனுபவமும் அவர்களுக்கு இருந்தது. அயர்ன் மெய்டன் பாடகர் புரூஸ் டிக்கின்சன் ஒரு விசித்திரப் பிறவி. வாள்வீச்சுப் போட்டியாளர், பயணிகள் விமானத்துக்குக் கேப்டனாகவும் இருந்தவர். குழுவின் 2008 உலகப் பயணம் மும்பையில் தொடங்கியபோது, ஆட்களையும் கருவிகளையும் ஏற்றிவந்த போயிங் 757ஐ ஓட்டியதும் அவர்தான். ஏல் என்ற ஆங்கிலேயப் பாரம்பரிய பீர் வகை மீது அவருக்குத் தீராத பிரியம். பெயர் மறைத்த பீர்களை மோந்தும் ருசித்தும் அடையாளம் காட்டச் சொல்லி ஆலைக்காரர்கள் அவரைச் சோதித்தார்கள். பிறகுதான் தலைமை வடிப்பாளர் மார்ட்டின் வீக்ஸோடு உட்கார வைத்தார்கள். 2013இல் பீர் வெளியானது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் போபெக், கோல்டிங்ஸ், கேஸ்கேட் என்று மூன்று வகை. சாராய அளவு 4.7 சதவீதம். பெயர் 1983இல் வந்த அவர்களின் பாட்டுடையது. கிரிமியப் போரில், 1854 அக்டோபர் 25 அன்று, பாலக்லாவா சமவெளியில் பீரங்கி வாய்க்கு நேரே பாய்ந்து மாண்ட பிரிட்டிஷ் குதிரைப்படையைப் பற்றிய பாட்டு. லேபிளில் உள்ள சிவப்புக் கோட்டு அந்தக் காலச் சிப்பாயின் கோட்டு.

இவ்வளவும் அத்தை மகன் சொல்லக் கேட்டுக்கொண்டே முதல் பாட்டிலை நாங்கள் பாழாக்கினோம்.

செய்தது இதுதான். சேலத்து வழக்கப்படி பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியின் மேல்தட்டில், ஐஸ் பக்கத்தில், இரண்டு மணி நேரம் வைத்தோம். தட்டுவடை செட் வாங்கி வந்தோம். காரட், பீட்ரூட் துருவல், பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி எல்லாமாக வாய் எரிந்துகொண்டிருந்தபோது பீரை ஊற்றிக் குடித்தோம். ஜில்லென்று ஒன்று தொண்டையில் இறங்கியது. அதற்குமேல் எழுத ஒன்றுமில்லை. நம் ஊர் பீரைவிடச் சாது, தண்ணீர் போல இருக்கிறது என்றார் விஸ்கிக்காரப் பெரியவர். எனக்கும் அப்படித்தான் பட்டது. விசுவாசம் வாயைக் கட்டிப்போட்டது.

தவறு எங்களுடையது. நாம் கடையில் பார்க்கும் பீர் ஏறக்குறைய எல்லாமே லாகர். அதன் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்து, பழ வாசனை எதையும் விட்டுவைக்காமல் துடைத்துவிடும். அதைக் குளிரவைத்துக் குடித்தால் இழப்பில்லை. ஏல் வகைக்கான ஈஸ்ட் கொஞ்சம் வெதுவெதுப்பில் வேகமாக வேலை செய்யும். போகிற போக்கில் பழவாசனையை விட்டுவிட்டுப் போகும். அந்த வாசனைதான் ஏலின் உயிர். குளிர் வாசனையை மூடிவிடும், நாக்கையும் மரக்க வைத்துவிடும். ஐஸ் போட்ட பாலில் சர்க்கரை குறைவாகத் தெரிவதும் இதனால்தான். ஆகையால் இங்கிலாந்தில் ஏலை 11 முதல் 13 டிகிரி செல்சியஸில், நிலவறைக் குளிர்ச்சியில் ஊற்றுவார்கள். ‘வெதுவெதுப்பான இங்கிலீஷ் பீர்’ என்று மற்ற நாட்டார் கேலி செய்வது இதைத்தான். வெதுவெதுப்பு என்பது மிகை. கிணற்று நீரின் குளிர்ச்சி என்றால் சரியாக இருக்கும்.

நம் ஊரில் பீர் ஏன் உறையக் குளிர்ந்து, உறைக்க உறைக்க இருக்கிறது என்பதற்குச் சேலத்தில் ஒரு நீண்ட கதை உண்டு. இந்தியாவில் மதுவிலக்கு முதலில் நடைமுறைக்கு வந்தது இந்த மாவட்டத்தில். நாள் 1937 அக்டோபர் 1. சென்னை மாகாண முதல்வராக இருந்த ராஜாஜி, தான் வக்கீல் தொழில் செய்த ஊரை, நகராட்சித் தலைவராக இருந்த ஊரை, இதற்குத் தேர்ந்தெடுத்தார். கள்ளுக்கடை வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். இங்கேதான் வரலாறு குறும்பு செய்கிறது. 2017இல் ஜி.எஸ்.டி. வந்து பழைய விற்பனை வரிகளையெல்லாம் விழுங்கியபோது, குடிக்கும் மதுவைத் தொடாமல் விட்டுவிட்டது. மாநிலங்கள் இன்றும் தங்கள் கையில் வைத்திருக்கும் விற்பனை வரி முக்கியமாக பெட்ரோல், டீசல், மது ஆகியவற்றின் மீதுதான். மதுவை ஒழித்த நஷ்டத்தை ஈடுகட்டப் பிறந்த வரி, கடைசியில் மதுவைக் கட்டிக்கொண்டே பிழைத்துக் கிடக்கிறது.

நடுவில் மதுவிலக்கு தளர்ந்து, திரும்பி, மறுபடி தளர்ந்து, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. பாட்டில் விலையில் பெரும்பகுதி வரியாக இருக்கும்போது, வாங்குகிறவர் கொடுத்த காசுக்கு எவ்வளவு ‘ஏறும்’ என்று கணக்குப் பார்ப்பது இயல்பு. இந்திய உணவுத் தர விதிகளின்படி 5 சதவீதத்துக்கு மேல் 8 சதவீதம் வரை இருந்தால் அது ‘ஸ்ட்ராங்’ பீர். நம் விற்பனையில் பெரும்பகுதி அதுதான். பட்டப்பகலில் பாரில் நின்றபடியே 650 மில்லியை முடித்துவிட்டு வெளியேற வேண்டியவருக்கு ஹாப்ஸ் வாசனை எதற்கு? உறையக் குளிர்ந்திருந்தால் கரகரப்பு தெரியாது, சீக்கிரம் உள்ளே போகும். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வேறு ஏற்பாடு ஒன்றையும் நாம் செய்து வைக்கவில்லை. கண்ணெதிரே தொட்டியில் வடித்துத் தரும் சிறு பீர்க் கடைகளைப் பார்க்கச் சேலத்துக்காரர் 200 கிலோமீட்டர் தாண்டிப் பெங்களூர் மாதிரி ஊருக்குப் போக வேண்டும்.

மிச்சம் மூன்று பாட்டில். நிலவறைக்குச் சேலத்தில் எங்கே போவது என்று யோசித்தபோது, பதில் தலைக்கு மேலேயே இருந்தது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். ஜனவரி ராத்திரியில் சேர்வராயன் மலையே ஒரு நிலவறை. ஒரு பாட்டிலை வீட்டு ஷோகேஸில் ஞாபகார்த்தமாக வைத்துவிட்டு, இரண்டைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்த பீரை உடனே திறந்தால் பாதி மேஜைக்குப் போய்விடும். மலைமேல் காற்றழுத்தம் குறைவு என்பதால் நுரை இன்னும் கூடுதலாகச் சீறும். எனவே ஒரு நாள் முழுக்க ஜன்னல் விளிம்பில் அசையாமல் நிற்க வைத்தோம். மறுநாள் இரவு ஒன்பது மணிக்குச் சுவரில் மாட்டியிருந்த வெப்பமானி 13 காட்டியது.

நாங்கள் தங்கிய வீட்டுக்குப் பக்கத்தில் காப்பி எஸ்டேட் ஒன்றில் பல ஆண்டுகள் தரம் பார்க்கும் வேலை செய்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலையில் காப்பியை ஊன்றிய நாள் முதல், இங்கே மூக்கை வைத்துப் பிழைத்தவர்கள் ஒரு பரம்பரையாகவே இருக்கிறார்கள். அவர் குடிக்க மாட்டார். “மோந்து பார்க்கிறேன், அதற்கு மேல் கேட்காதீர்கள்” என்று நிபந்தனை போட்டுத்தான் வந்தார்.

நான் கிளாஸை விளிம்பு வரை நிரப்பப் போனேன். தடுத்துவிட்டார். “பாதிக்குக் கீழே ஊற்றுங்கள் தம்பி. வாசனை நிற்க இடம் வேண்டாமா?” கிளாஸை உள்ளங்கையில் பொத்திப் பிடித்து, ஒரு சுற்றுச் சுற்றி, மூக்கை உள்ளே விட்டார். கண்ணை மூடவில்லை, எதிர்ச்சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “வெல்லப்பாகு. கம்பிப் பதம் வருவதற்கு முன்னால் இறக்கியது. கருகவில்லை.” மறுபடி ஒரு முறை. “நாரத்தை இலை. பழம் வேண்டாம், இலையைக் கசக்கினால் வருமே, அது.” கிளாஸை என்னிடம் நீட்டிவிட்டு மப்ளரை இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

ஆலைக்காரர்கள் இந்த பீரைப் பற்றிச் சொல்வதும் மால்ட்டின் இனிப்பும் எலுமிச்சைச் சாயலும்தான். பெரியவருக்கு அது தெரியாது. எப்படிக் கண்டுபிடித்தார் என்றால், அந்த வாசனைகள் உண்மையிலேயே உள்ளே இருக்கின்றன. வந்த வழியையும் சொல்லலாம்.

வெல்லப்பாகு மால்ட்டிலிருந்து வருவது. மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. கைக்குழந்தைக்குக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, வறுத்துப் பொடிக்கும் எந்த வீட்டிலும் இந்தத் தொழில்நுட்பம் பாதி தெரிந்தே இருக்கிறது. முளைக்கும்போது தானியத்துக்குள் நொதிகள் பிறக்கின்றன. பொடித்த மால்ட்டை 65 டிகிரி அளவுள்ள வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால் அந்த நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைத்துவிடும். உடையாத மாவுச்சத்தை ஈஸ்ட் தொடாது. நம் ஊர்ச் சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மரவள்ளிக்கிழங்குப் பால் தெளிந்து அடியில் படியும் மாவை ஈஸ்ட்டுக்கு எதிரே வைத்தால், அது வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கும். முளைத்த தானியத்தைச் சூட்டில் உலர்த்தும்போது எவ்வளவு சிவக்க விடுகிறோம் என்பதில் பீரின் நிறமும் பாகு வாசனையும் தீர்மானமாகும். காப்பிக்கொட்டை வறுபடும்போது நடக்கும் அதே சங்கதிதான், மெதுவான சூட்டில். பெரியவர் மூக்கு முதலில் அதைப் பிடித்ததில் வியப்பில்லை.

நாரத்தை இலை ஹாப்ஸ் தந்தது. ஹாப்ஸ் ஒரு கொடி. அதன் பூக்கூம்பில் கசப்பும் மணமும் தனித்தனியே இருக்கின்றன. கசப்பு ஒரு மணி நேரம் கொதித்தால்தான் இறங்கும். மணமோ கொதித்தால் பறந்துபோகும். அதனால் முதலில் போடும் ஹாப்ஸ் கசப்புக்கு, இறக்கும் நேரத்தில் போடுவது மணத்துக்கு. ரசம் வைக்கிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மிளகு கொதிக்கும்போது, கொத்தமல்லி இறக்கும்போது. மூன்று வகையில் கோல்டிங்ஸ் இங்கிலாந்தின் பழைய வகை, மண்ணும் புல்லும் கலந்தாற்போல் அடக்கமானது. போபெக் ஸ்லோவேனியாவினுடையது. எலுமிச்சை வகையறா வாசனைக்குப் பேர்போன கேஸ்கேட் அமெரிக்காவினுடையது. அமெரிக்கர்கள் கேஸ்கேடை அள்ளிக் கொட்டுவார்கள். இதில் அதன் குரல் கொஞ்சம்தான் கேட்கிறது.

பிறகு நான் குடித்தேன். சேலத்தில் தண்ணீராகத் தோன்றிய அதே பீர். நிறம், வடிகட்டிய தேன் நிறம். நாக்கில் பட்டதும் லேசான இனிப்பு, ரொட்டியின் மேல்தோலை மென்றது போல. நடுவில் புளிப்பில்லாத எலுமிச்சை. விழுங்கிய பிறகே கசப்பு வந்து, நாக்கின் அடியில் சிறிது நேரம் உட்கார்ந்து, எழுந்து போனது. வாயு குறைவு, ஏப்பம் இல்லை. பாதி கிளாஸ் முடிந்து பீர் இன்னும் கொஞ்சம் சூடேறியபோது பாகு வாசனை கூடியது. ஏரிக்கரையில் வாங்கி வந்த மிளகாய் பஜ்ஜியைத் தொடாமலே வைத்திருந்தோம். தட்டுவடை கற்றுத் தந்த பாடம்.

அத்தை மகன் போனில் அந்தப் பாட்டை மெதுவாக ஓட விட்டான். நாலுகால் பாய்ச்சலில் ஓடும் கிதார், தலை தெறிக்கும் முரசு. பீரில் அந்தப் பாய்ச்சல் துளியும் இல்லை. லேபிளில் வாளோடு நிற்கிற பூதத்தை நம்பி இடிமுழக்கம் எதிர்பார்த்துத் திறக்கிறவர் ஏமாந்துதான் போவார். எனக்கோ, கேள்விக்குப் பதில் இந்த ஏமாற்றத்தில்தான் இருக்கிறது என்று பட்டது. ரசிகனின் காசை மட்டும் குறிவைத்திருந்தால் 8 சதவீதத்தில் கறுப்பாக, காரமாக ஒன்றை வடித்து எட்டியின் படத்தை ஒட்டியிருப்பார்கள். 4.7 சதவீதத்தில், சாயங்காலம் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு கிளாஸ் குடித்துவிட்டுத் தெளிவாகப் பேசிக்கொண்டிருக்கத் தோதான பழைய ஆங்கில ஏலைக் கேட்டு வாங்கியிருப்பது, அந்த மேசையில் உண்மையிலேயே பீர் குடிக்கிற ஒருவர் இருந்தார் என்பதற்கு அடையாளம். பாட்டு இதில் இல்லை. பாடகர் குடிக்கும் பழக்கம் இருக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவற்றைப் பற்றி எனக்கு இந்த அளவு நல்லெண்ணம் கிடையாது. ‘ட்ரூப்பர்’ பெயரில் ஆண்டுதோறும் புதிது புதிதாக இறங்கின. 6.6 சதவீதத்தில் ‘666’ என்று ஒன்று வந்தது. பைபிளில் வரும் மிருகத்தின் எண்ணான 666ஐக் குழு தன் பாட்டில் பயன்படுத்தியதால் சாராய அளவையே அதற்கேற்ப வைத்துவிட்டார்கள். பீரின் தேவைக்காக வந்த அளவா அது? அட்டைக்காக வந்த அளவு. ஆனால் ஜப்பானிய சாக்கேயைச் சேர்த்து வடித்த ‘சன் அண்ட் ஸ்டீல்’ வேறு கதை. சாமுராய் வீரரைப் பற்றிய பாட்டின் பெயரை வைத்து, அந்த நாட்டு மதுவையே உள்ளே கொண்டுவந்திருக்கிறார்கள். பெயரும் பானமும் கைகோத்துக்கொள்கிற அரிய இடம். அதைக் குடித்ததில்லை, அடுத்த 2 லிட்டருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

இதெல்லாம் நம் ஊரில் நடக்குமா என்று பெரியவர் கேட்டார். இங்கே ஏற்கெனவே தலைகீழாக நடந்திருக்கிறது என்றேன். தொலைக்காட்சியில் மது விளம்பரம் கூடாது என்று விதி வந்ததும், மதுபான நிறுவனங்கள் தங்கள் பெயரிலேயே சோடா, குடிநீர், இசைக் குறுந்தகடு என்று விளம்பரம் செய்தன. அந்தக் குறுந்தகடுகளைக் கடையில் பார்த்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை. அங்கே இசைக்குழு பீர் விற்கிறது. இங்கே பீர் தன்னை இசை என்று சொல்லிக்கொண்டு விற்றது. பெரியவர் சிரித்துவிட்டுக் காலி பாட்டிலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். “மலைத்தேன் ஊற்றி வைக்க நல்ல பாட்டில்,” என்று ஒன்றை எடுத்துக்கொண்டார்.

நான்காவது பாட்டில் ஷோகேஸில் இருந்தது. வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்டினேன். பெங்களூர்க் கச்சேரிக் கதையையும் சேர்த்துச் சொன்னேன். மார்ச் போனது, ஏப்ரல் போனது. சேலத்து வெயிலில் மத்தியானம் அந்தக் கண்ணாடிக் கதவைத் தொட்டால் கை சுடும். 4.7 சதவீத ஏல் வயதேற வயதேற மணக்கும் சரக்கு கிடையாது. சாராயமும் குறைவு, ஹாப்ஸும் மிதம். அதைக் கெடுக்க உள்ளே அடைபட்ட சொற்ப ஆக்சிஜன் போதும். சூடு அதற்குக் காற்றூதிவிடும். வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்பே திரிந்து துர்நாற்றமாகும். இவ்வளவும் தெரிந்தேதான் வைத்திருந்தேன். மே மாதம் ஒரு நாள் மனம் கேட்காமல் எடுத்து, பாட்டிலுக்குப் பாதியாக ஈரத்துணி சுற்றி ஆறவைத்து, பெரியவர் சொன்னபடி கிளாஸில் பாதிக்குக் கீழே ஊற்றி மோந்து பார்த்தேன். நாரத்தை இலை இல்லை. வெல்லப்பாகு இல்லை. மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை. ஒரு வாய் குடித்தேன், மீதியைக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றினேன். பாட்டிலைக் கழுவித் துடைத்து, எட்டியின் முகம் வெளியே தெரியும்படி, ஷோகேஸில் பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன்.